எம்ஓடி எங்க பண்றது? ஃபெயில் ஆனா யாருக்கு லாபம்னு முதல்ல பாருங்க

இங்கிலாந்துல மில்டன் கீன்ஸுக்கு புதுசா வேலைக்கு வந்த ஒரு தம்பி கேட்டிருந்தார். 2017 மாடல் பெட்ரோல் கார் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கியிருக்கார், எம்ஓடி, அதான் வண்டி ஓட்டுறதுக்கு பாதுகாப்பா இருக்கான்னு வருஷா வருஷம் பண்ற டெஸ்ட், அது அக்டோபர் 20ஓட முடியுது. நம்ம ஊர் ஆர்டிஓ ஆபீஸ்ல எஃப்சி காட்டுற மாதிரி இங்கயும் எங்கயாவது கவர்மென்ட் ஆபீஸுக்கு வண்டிய எடுத்துட்டு போகணுமா, பக்கத்துல சென்டர் எப்படி கண்டுபிடிக்கிறது, முப்பது பவுண்டுக்கு பண்றேன்னு போர்டு வச்சிருக்கானே அவன்கிட்ட போகலாமா, ஃபெயில் ஆனா என்ன ஆகும், இவ்வளவுதான் கேள்வி.

நான் இந்த நாட்டுக்கு வந்து 18 வருஷம் ஆச்சு, அதுல ஒரு நாலஞ்சு வருஷம் நண்பர் ஒருத்தரோட கராஜ்ல சனிக்கிழமை சனிக்கிழமை போய் கூட மாட நின்னிருக்கேன். நான் டெஸ்டர் கிடையாது, டெஸ்டர் பக்கத்துல நின்னு டீ குடிச்சவன். அதனால தெரிஞ்சத சொல்றேன், கொஞ்சம் நீளமாதான் போகும்.

முதல்ல ஆர்டிஓ மாதிரியான்னு கேட்டீங்கல்ல, இல்லங்க. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூணுலயும் எம்ஓடி பண்றது பெரும்பாலும் தனியார் கராஜ்தான். டிவிஎஸ்ஏன்னு ஒரு அரசாங்க ஏஜென்சி இருக்கு, அவங்க லைசன்ஸ் குடுத்து கண்காணிப்பாங்க, டெஸ்ட் நடக்குறது உங்க தெருக்கோடி கராஜ்ல. நாடு முழுக்க கிட்டத்தட்ட 23,000 இடம் இருக்கு. வட அயர்லாந்துல மட்டும் கதை வேற, அங்க அரசாங்கமே சொந்த சென்டர் வச்சு பண்ணுது, கார் மூணு வருஷத்துக்கு பதிலா நாலு வருஷம் ஆனதும்தான் முதல் டெஸ்ட். அதுல ஒரு கஷ்டமும் இருக்கு, 2020 ஜனவரில அங்க இருந்த லிஃப்ட்டுகள்ல விரிசல் கண்டுபிடிச்சு டெஸ்டையே நிறுத்த வேண்டியதாப் போச்சு, ஒரே ஆள் கையில எல்லாம் இருந்தா இப்படித்தான், அவன் கடைய மூடினா ஊரே நிக்கும்.

எம்ஓடின்னா மினிஸ்ட்ரி ஆஃப் டிரான்ஸ்போர்ட். அந்தப் பேர்ல இப்ப மினிஸ்ட்ரியே கிடையாது, பேர் மட்டும் ஒட்டிக்கிச்சு. 1960ல ஆரம்பிச்சப்ப பத்து வருஷம் பழைய வண்டிக்கு மட்டும்தான், பிரேக், லைட், ஸ்டியரிங் மூணே மூணு பாத்தாங்க. அடுத்த வருஷமே ஏழு வருஷம்னு இறக்கினாங்க, 1967ல மூணு வருஷம்னு ஆச்சு, அது இன்னைக்கு வரைக்கும் மாறல. நடுவுல நாலு வருஷமா மாத்தலாமான்னு அரசாங்கம் 2023ல கருத்து கேட்டுச்சு, அப்புறம் வேண்டாம்னு விட்டாச்சு. ஆக வண்டி ரெஜிஸ்டர் ஆகி மூணு வருஷம் முடிஞ்சதும் முதல் டெஸ்ட், அதுக்கப்புறம் வருஷா வருஷம். உங்களோடது 2017, அதனால ஏற்கனவே பல தடவை போய் வந்திருக்கும். அந்த சரித்திரம் முழுக்க உங்களுக்கு இலவசமா கிடைக்கும், அதுக்கு அப்புறம் வர்றேன், அதுதான் இதுல தங்கம்.

இப்ப காசு விஷயம். காருக்கு அதிகபட்சம் 54 பவுண்டு 85 பென்ஸ், அதுக்கு மேல ஒருத்தனும் வாங்கக்கூடாது, வாட் வரி எல்லாம் கிடையாது. மோட்டார்பைக்குக்கு 29 பவுண்டு 65 பென்ஸ். இது உச்சவரம்பு மட்டும்தான், கீழ எவ்வளவு வேணா இறக்கலாம். இங்கதான் நீங்க கேட்ட அந்த முப்பது பவுண்டு போர்டு வருது. ஒரு டெஸ்டுக்கு 45 நிமிஷத்துல இருந்து ஒரு மணி நேரம் ஆகும், ஒரு ஆள், வண்டி நிறுத்தி டெஸ்ட் பண்ண தனி இடம், விலை கூடின மெஷின், இத்தனையும் வச்சுக்கிட்டு முப்பது பவுண்டுக்கு ஒருத்தன் பண்றான்னா அவன் தர்மம் பண்ணல, டெஸ்ட் அவனுக்கு தூண்டில், மீன் ரிப்பேர்ல இருக்கு. இதனால குறைஞ்ச விலைக்காரன் எல்லாம் ஏமாத்துக்காரன்னு சொல்ல வரல, என் நண்பரே அப்படித்தான் போர்டு வச்சிருந்தார், நேர்மையான மனுஷன், கஸ்டமர் உள்ள வரணும், அடுத்து சர்வீஸுக்கும் இங்கயே வரணும்னு ஒரு கணக்கு, அவ்வளவுதான். ஆனா நீங்க சென்டர் தேடும்போது மனசுல வச்சுக்க வேண்டிய ஒரே கேள்வி என்னன்னா, என் வண்டி ஃபெயில் ஆனா இவனுக்கு லாபமா நஷ்டமா?

அந்தக் கேள்விய வச்சுப் பாத்தா முதல்ல நிக்குறது கவுன்சில் டெஸ்ட் சென்டர். நிறைய பேருக்கு இது தெரியவே தெரியாது. பல ஊர்ல கவுன்சிலுக்கு சொந்தமா குப்பை லாரி, வேன், டாக்ஸி லைசன்ஸ் வண்டிகளை எல்லாம் டெஸ்ட் பண்ண ஒரு இடம் வச்சிருப்பாங்க, அங்க பொதுமக்களும் காச கட்டி வண்டிய குடுக்கலாம். அவங்க பொதுவா வெளியாள் வண்டிய ரிப்பேர் பண்ணவே மாட்டாங்க. ஃபெயில் பண்ணாலும் அவங்களுக்கு ஒரு பென்னி வராது, பாஸ் பண்ணாலும் வராது. விலை மட்டும் பெரும்பாலும் முழு ரேட்டா இருக்கும், இடமும் ஊருக்கு வெளிய ஏதாவது டிப்போக்குள்ள ஒளிஞ்சிருக்கும், வெளிய போர்டு கூட ஒழுங்கா இருக்காது. எல்லா கவுன்சிலும் வச்சிருக்கல, உங்க கவுன்சில் பேரோட எம்ஓடின்னு சேத்து தேடிப் பாருங்க, இல்லன்னா பக்கத்து கவுன்சில் பாருங்க, இருபது நிமிஷம் ஓட்டினா ஒண்ணும் ஆகிடாது. இன்னொரு விஷயம், அந்த ஊர் டாக்ஸி டிரைவர்கிட்ட கேட்டாலே போதும், எங்க இருக்குன்னு கரெக்டா சொல்லுவார்.

ஆனா ஒண்ணு, கவுன்சில்காரன் லேசா விடுவான்னு நினைச்சுப் போகாதீங்க, டாக்ஸியும் பஸ்ஸும் பாத்துப் பழகின கண்ணு அது. ஆனா அவன் சொன்னா அது இருக்குன்னு அர்த்தம், இல்லாத வியாதிய சொல்ல அவனுக்குக் காரணமே இல்ல. எனக்கு நடந்தத சொல்றேன். ஒரு வருஷம் அவசரத்துல ஒரு பெரிய கம்பெனி கராஜ்ல விட்டேன், பேர் வேண்டாம். பின்பக்க பிரேக் டிஸ்க், பேட், முன்னாடி ஒரு சஸ்பென்ஷன் ஆர்ம், மொத்தம் 640 பவுண்டுன்னு லிஸ்ட் நீட்டினான். இதுல எது மேஜர், அதாவது ஃபெயில் ஆன குறை, எது அட்வைஸரின்னு கேட்டேன், கவுண்டர் பையன் முழிச்சான். பேப்பர வாங்கிப் பாத்தா ஃபெயில் ஆனது அந்த ஆர்ம்ல இருக்குற ரப்பர் புஷ் மட்டும்தான், டிஸ்க்கு வெறும் அட்வைஸரி, அதாவது இப்ப ஒண்ணும் இல்ல, தேய ஆரம்பிச்சிருக்கு, கவனிச்சுக்கோன்னு அர்த்தம். அவன் பொய் சொல்லல, ஆனா ரெண்டையும் ஒரே இலையில பரிமாறிட்டான். பழைய சர்டிபிகேட் இன்னும் மூணு வாரம் உயிரோட இருந்துச்சு, டேஞ்சரஸ்னும் எதுவும் போடல, அதனால வண்டிய எடுத்துட்டு வந்து வேற இடத்துல அந்த புஷ்ஷ மட்டும் மாத்தினேன். அந்த டிஸ்க் அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் ஓடுச்சு.

அதனால இந்த நாலு வார்த்தையையும் பிரிச்சுத் தெரிஞ்சுக்கோங்க. 2018 மே மாசத்துல இருந்து குறைகளை டேஞ்சரஸ், மேஜர், மைனர்னு பிரிக்கிறாங்க, இதுக்கு வெளிய அட்வைஸரி. டேஞ்சரஸும் மேஜரும் ஃபெயில். மைனரும் அட்வைஸரியும் பாஸ்தான், எழுதி மட்டும் குடுப்பாங்க. டேஞ்சரஸ்னு வந்துட்டா பழைய எம்ஓடில இன்னும் நாள் பாக்கி இருந்தாலும் அந்த வண்டிய ரோட்டுல ஓட்டக்கூடாது, ரிப்பேர் ஆகுற வரைக்கும் அங்கயே நிக்கணும் இல்ல டோ பண்ணணும், மீறி ஓட்டினா 2,500 பவுண்டு வரைக்கும் ஃபைன், மூணு பாயின்ட், லைசன்ஸே போகவும் வாய்ப்பு இருக்கு.

தேடுறதுல அடுத்தது, கராஜ் வாசல்ல நீலக்கலர் போர்டுல மூணு வெள்ளை முக்கோணம் இருக்கான்னு பாருங்க, அதுதான் அங்கீகாரம் உள்ள இடத்தோட அடையாளம். டிவிஎஸ்ஏ எல்லா சென்டரோட லிஸ்டையும் கவ் டாட் யூகேங்கற அரசாங்க வெப்சைட்ல போட்டிருக்காங்க. டெஸ்ட் வகைல உங்க காருக்கு கிளாஸ் 4, அதான் பெரும்பாலான இடத்துல பண்றது. பின்னாடி யாராவது பெரிய வேன் வச்சிருந்தா கவனிக்கணும், 3,000 கிலோவுக்கு மேல 3,500 வரைக்கும் உள்ள சரக்கு வேன் கிளாஸ் 7, அதை எல்லாரும் பண்ண மாட்டாங்க. ஃபுல் டைம் ஃபோர் வீல் டிரைவ் வண்டின்னா புக் பண்ணும்போதே சொல்லிடுங்க, அதை பிரேக் டெஸ்ட் பண்ற சாதாரண ரோலர்ல ஏத்தினா சக்கரத்த சுத்த வைக்கிற டிரைவ்டிரெய்ன் கெட்டுப் போகலாம், வேற முறையில டெஸ்ட் பண்ணணும். போன்ல பேசும்போது நான் மூணே கேள்விதான் கேப்பேன்: ரீடெஸ்டுக்கு காசு வாங்குவீங்களா, உக்காந்து பாக்க இடம் இருக்கா, ஃபெயில் ஆனா வண்டிய எடுத்துட்டு போய் வெளிய ரிப்பேர் பண்ணலாமா. மூணாவது கேள்விக்கு குரல் மாறுதுன்னா போன வச்சிடுவேன். பாக்குறதுக்கு இடம் வச்சிருக்கணும்ங்கறது ரூல், தடுக்க முடியாது. நடுவுல போய் பேசக்கூடாது, தொந்தரவு பண்ணக்கூடாது, அவ்வளவுதான்.

தேதி விஷயத்துல ஒரு சௌகரியம் இருக்கு, நிறைய பேர் விட்டுடுறாங்க. முடியுற நாளுக்கு ஒரு மாசத்துக்கு ஒரு நாள் குறைவா, அவ்வளவு முன்னாடியே பண்ணிக்கலாம், ஆனா அடுத்த வருஷ தேதி மாறாது. உங்களுக்கு அக்டோபர் 20ன்னா செப்டம்பர் 21ல இருந்தே பண்ணலாம், அடுத்தது அடுத்த அக்டோபர் 20தான். அதனால கடைசி வாரம் வரைக்கும் இழுக்குறதுல அர்த்தமே இல்ல. முன்னாடியே போனா ஃபெயில் ஆனாலும் மூச்சு விட நேரம் இருக்கு, நாலு இடத்துல விலை கேக்கலாம். அக்டோபர் 19ஆம் தேதி சாயங்காலம் போனா, அவன் சொன்னதுதான் விலை. கிரேஸ் பீரியட்னு ஒண்ணு கிடையவே கிடையாது, 21ஆம் தேதி காலைல நீங்க ஓட்டினா அது எம்ஓடி இல்லாத வண்டி, 1,000 பவுண்டு வரைக்கும் ஃபைன், ரோட்டுல கேமரா நம்பர் பிளேட்ட படிச்சு அதுவே சொல்லிடும், நம்ம ஊர் மாதிரி நிறுத்தி பேப்பர் கேக்க வேண்டியதே இல்ல. வண்டி டேக்ஸும் கட்ட முடியாது. எக்ஸ்பைரி ஆயிட்டா ஓட்டலாம்னு இருக்குற விதிவிலக்கு, முன்கூட்டியே புக் பண்ண டெஸ்டுக்குப் போறது, ரிப்பேர் பண்ற இடத்துக்குப் போறது வர்றது, இவ்வளவுதான். அதுக்கும் வண்டி ஓட்டுற நிலைமைல இருக்கணும். புக்கிங் மெசேஜ போன்ல வச்சுக்கோங்க. கவ் டாட் யூகேல இலவச ரிமைண்டர் இருக்கு, ஒரு தடவை போட்டுட்டா ஒரு மாசம் முன்னாடி மெசேஜ் வந்துடும், இத இன்னைக்கே போட்டுடுங்க.

இப்ப உள்ள என்னதான் பண்றான்னு பாக்கலாம், ஏன்னா அது தெரிஞ்சா பயம் போயிடும். எனக்கு ரொம்பப் பிடிச்சது ரோலர். தரையில ரெண்டு ஜோடி உருளை பதிச்சிருக்கும், முன் சக்கரத்த அதுமேல ஏத்துவாங்க, உருளை டயர சுத்தும், டெஸ்டர் மெதுவா பிரேக்க அழுத்துவார், அந்த சமயத்துல கார் முக்கி முனகி பின்னாடி ஏறி வெளிய வரப் பாக்கும், ஸ்கிரீன்ல இடது வலது ரெண்டு முள்ளும் சேந்து ஏறணும். ஒண்ணு ஏறி ஒண்ணு பின்தங்குச்சுன்னா, அதாவது ஒரு பக்க பிடி இன்னொரு பக்கத்துல 70 சதவீதத்துக்கும் கீழ போச்சுன்னா ஃபெயில். அப்படி இருக்குற வண்டிதான் மழைல பிரேக் போட்டா ஒரு பக்கமா இழுக்கும். மொத்தமா எல்லா சக்கரமும் சேத்து வண்டி எடைல 58 சதவீதம் பிடி வேணும் உங்க 2017 வண்டிக்கு, ஹேண்ட் பிரேக்குக்கு 16 போதும்.

அப்புறம் லிஃப்ட்ல ஏத்தி கீழ போவார். கையில ஒரு சின்ன தட்டுற கருவி இருக்கும், சில்னு சொல்ற கதவுக்கு கீழ உள்ள பகுதிய தட்டிக்கிட்டே போவார், நல்ல தகடுன்னா 'டங்'னு சத்தம் வரும், துரு பிடிச்ச இடம்னா 'தொப்'னு அமுங்கும். தேங்காய தட்டிப் பாத்து வாங்குற மாதிரிதான். இந்த நாட்டுல குளிர்காலத்துல ரோட்டுக்கு உப்பு கொட்டுறாங்கல்ல, அது வண்டிக்கு அடில போய் உக்காந்து அரிக்கும், அதனால பத்து வருஷத்துக்கு மேல ஆன வண்டில வெல்டிங் செலவு வர்றது இங்கதான். சஸ்பென்ஷன் ஸ்பிரிங் ஒடஞ்சு போறதும் இதே கதைதான், உப்பு பாதி, ஸ்பீட் பிரேக்கர் பாதி, ஓட்டுறவருக்கு ஒடஞ்சதே தெரியாது, கடைசி ஒரு சுத்து மட்டும் ஒடஞ்சு உள்ளயே உக்காந்திருக்கும். கீழ இருந்து டெஸ்டர் டார்ச் அடிச்சு காட்டும்போதுதான் தெரியும்.

புகை டெஸ்ட், பெட்ரோல் வண்டிக்கு சைலன்சர்ல ஒரு குழாய் விட்டு கார்பன் மோனாக்ஸைடு எல்லாம் பாப்பாங்க. இதுல ஒரு சின்ன ரகசியம், இன்ஜின் நல்லா சூடா இருக்கணும், அப்பதான் புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வேலை செய்யும். வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்குற கராஜுக்கு ஜில்லுனு கொண்டு போய் நிறுத்திட்டு பார்டர்ல ஃபெயில் ஆன ஆளுங்கள பாத்திருக்கேன். ஒரு இருபது நிமிஷம் மோட்டார்வே பக்கம் ஒரு ரவுண்டு ஓட்டிட்டுப் போங்க. டீசலுக்கு இது இன்னும் முக்கியம். டீசல்ல புகை ஃபில்டர் இருக்குற வண்டி கண்ணுக்குத் தெரியுற மாதிரி புகை விட்டாலே மேஜர், ஃபில்டர கழட்டி வீசியிருந்தாலும் ஃபெயில்தான். அதே மாதிரி எம்ஓடில புகை பாஸ்னா லண்டன் யூலெஸ் காசு, அதான் புகை தரம் குறைஞ்ச வண்டிக்கு அங்க வாங்குற கட்டணம், கட்ட வேண்டாம்னு சிலர் நினைக்கிறாங்க, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல, அது வண்டியோட எமிஷன் தரத்த வச்சு, இது இன்னைக்கு உங்க வண்டி எப்படி மூச்சு விடுதுன்றத வச்சு.

கிட்டத்தட்ட பத்துல மூணு கார் முதல் தடவை ஃபெயில் ஆகுது. அதுல பெரிய பங்கு லைட், டயர், வைப்பர் மாதிரி வீட்டு வாசல்லயே பாத்திருக்கக்கூடிய விஷயம்தான், சும்மா சொல்லல, நானே பாதிக்கப்பட்டவன், ஒரு வருஷம் என் வண்டி ஃபெயில் ஆனது கண்ணாடி கழுவுற தண்ணி இல்லாததுக்கு. ஆமா, வாஷர் தண்ணி காலி, மேஜர், ஃபெயில். டெஸ்டர் என் முகத்த பாத்து சிரிக்காம இருக்க ரொம்ப கஷ்டப்பட்டார். அதனால முந்தின நாள் சாயங்காலம் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க. வீட்டம்மாவ இல்ல ரூம்மேட்ட பின்னாடி நிக்க வச்சு பிரேக் லைட்டு, ரிவர்ஸ் லைட்டு, நாலு இண்டிகேட்டரு, நம்பர் பிளேட்டுக்கு மேல இருக்குற குட்டி பல்பு எல்லாம் எரியுதான்னு கேளுங்க. ஹாரன் அடிச்சுப் பாருங்க, இங்க யாருமே ஹாரன் அடிக்காததால அது செத்துப் போனதே தெரியாது! எல்லா சீட்டு பெல்ட்டையும் முழுசா இழுத்து விட்டு திரும்ப உள்ள போகுதான்னு பாருங்க, பின்சீட்டு பெல்ட்டு பக்கிள் சீட்டுக்கு அடில புதைஞ்சு கிடக்கும், அத தோண்டி எடுங்க. டயர் பள்ளத்துல 20 பென்ஸ் காசு ஒண்ண நிறுத்திப் பாருங்க, காசோட வெளி விளிம்பு வெளிய தெரிஞ்சா சந்தேகம். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வேணும், அதுவும் டயரோட நடு முக்கால் பாகம் முழுக்க, சுத்தி வர. உள்பக்கம் மட்டும் தேஞ்சு கம்பி தெரியுற டயர் வெளிய இருந்து பாத்தா புதுசு மாதிரியே இருக்கும், ஸ்டியரிங்க முழுசா ஒரு பக்கம் திருப்பிட்டு உள்ள கைய விட்டுத் தடவிப் பாருங்க.

வைப்பர் கிழிஞ்சிருந்தா மாத்திடுங்க. கண்ணாடில கல் பட்ட கீறல் இருந்தா, டிரைவருக்கு நேரா ஸ்டியரிங்க நடுவா வச்சு 290 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை, அதுக்குள்ள 10 மில்லிமீட்டருக்கு மேல இருந்தா ஃபெயில், வைப்பர் துடைக்கிற மத்த இடத்துல 40 வரைக்கும் தாங்கும். டாஷ்போர்டுல பிள்ளையார் இருக்கட்டும், அவரால பிரச்சனை இல்ல, கண்ணாடில இருந்து தொங்குற எலுமிச்சம்பழம், ஊதுபத்தி வாசனை அட்டை எல்லாத்தையும் ஒரு நாளைக்கு கழட்டி வச்சிடுங்க, பார்வை மறைக்குதுன்னு ஒரு வரி எழுத இடம் குடுக்க வேண்டாம். டிக்கில அரிசி மூட்டை வச்சுக்கிட்டுப் போகாதீங்க, பாக்க வேண்டிய இடத்த பாக்க முடியலன்னா டெஸ்ட் பண்ணவே மாட்டேன்னு சொல்ல அவருக்கு உரிமை உண்டு.

இன்ஜின் லைட், ஏபிஎஸ் லைட், ஏர்பேக் லைட் இதுல எது எரிஞ்சாலும் உங்க வண்டிக்கு ஃபெயில். டயர் பிரஷர் லைட் மட்டும் காத்து குறைஞ்சதுக்கு எரிஞ்சா ஃபெயில் இல்ல, அந்த சிஸ்டமே கெட்டுப் போச்சுன்னு காட்டினாதான் ஃபெயில். பேட்டரிய கழட்டி மாட்டி லைட்ட அணைச்சுட்டு ஓட்டிட்டுப் போற வித்தை எல்லாம் வேண்டாம், சாவி போட்டதும் அந்த லைட்டு எரிஞ்சு அணையுற வரிசையையும் அவர் பாப்பார், பாதி தூரம் போறதுக்குள்ள அதுவே திரும்ப வந்துடும்.

ஃபெயில் ஆனா என்ன பண்றது? வண்டிய அங்கயே விட்டு அங்கயே ரிப்பேர் பண்ணா பத்து வேலை நாளுக்குள்ள பாதி ரீடெஸ்ட் இலவசம். வெளிய எடுத்துட்டுப் போய் சரி பண்ணி பத்து வேலை நாளுக்குள்ள அதே இடத்துக்குக் கொண்டு வந்தா ஃபெயில் ஆனத மட்டும் பாப்பாங்க, அதுக்கு ஒரு குறைஞ்ச கட்டணம் வாங்கலாம். பல்பு, ஹாரன், வைப்பர், வாஷர், கண்ணாடி, நம்பர் பிளேட், சீட் பெல்ட், டயர் மாதிரி சின்னச் சின்ன விஷயம்னா அடுத்த வேலை நாள் முடியுறதுக்குள்ள கொண்டு வந்தா காசே கிடையாது. என் வாஷர் தண்ணிக்கு எதிர்ல இருந்த பெட்ரோல் பங்க்ல ஒரு கேன் வாங்கி ஊத்தி அரை மணி நேரத்துல பாஸ் வாங்கினேன்.

ஃபெயில் நியாயமே இல்லன்னு உறுதியா தோணுச்சுன்னா எதையும் ரிப்பேர் பண்ணாதீங்க, இதுதான் முக்கியம், கோவத்துல வேற இடத்துல சரி பண்ணிட்டா ஆதாரமே போச்சு. முதல்ல அந்த சென்டர்லயே பேசிப் பாருங்க, ஒத்து வரலன்னா 14 வேலை நாளுக்குள்ள டிவிஎஸ்ஏக்கு அப்பீல் ஃபார்ம் அனுப்பலாம். முழு டெஸ்ட் காசையும் இன்னொரு தடவை கட்டணும், அவங்க ஆள் வந்து பாப்பார், நீங்க சொன்னது சரின்னா காசு முழுசாவோ கொஞ்சமாவோ திரும்பி வரும். டெஸ்டருங்க எல்லாரும் இந்த டிவிஎஸ்ஏக்கு பயப்படுவாங்க, சாதாரண கஸ்டமர் மாதிரி வேஷம் போட்டு வண்டி கொண்டு வந்து சோதிக்கிறதும் உண்டு, தப்பா பாஸ் பண்ணாலும் அவர் லைசன்ஸுக்கு ஆபத்து. அதனால டெஸ்டர உங்க எதிரியா நினைக்காதீங்க, வில்லன் இருந்தா அவன் கவுண்டர்ல எஸ்டிமேட் போடுற இடத்துல இருப்பான்.

பாஸ் ஆயிடுச்சுன்னா வண்டி நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல, இதையும் சொல்லிடணும். இன்ஜின் உள்ள, கிளட்ச், கியர்பாக்ஸ் எதையும் பாக்க மாட்டாங்க, எதையும் பிரிச்சும் பாக்க மாட்டாங்க. இன்னைக்கு பாஸ் ஆகி நாளைக்கு கிளட்ச் போகலாம். சர்வீஸ் வேற, எம்ஓடி வேற, புதுசா வர்ற நம்மாளுங்க நிறைய பேர் எம்ஓடி பண்ணியாச்சு ஆயில் எதுக்குன்னு விட்டுடுறாங்க.

கடைசியா நான் முன்னாடி சொன்ன தங்கம். கவ் டாட் யூகேல எம்ஓடி ஹிஸ்டரின்னு போய் நம்பர் பிளேட்ட மட்டும் போடுங்க, யாரோட வண்டியா இருந்தாலும் சரி, இதுவரைக்கும் நடந்த டெஸ்ட், பாஸ், ஃபெயில், என்ன குறை, அன்னைக்கு எத்தனை மைல் ஓடியிருந்துச்சு எல்லாம் வரிசையா வரும், 2005ல கம்ப்யூட்டர் வந்ததுல இருந்து. எந்த சென்டர்ல பண்ணாங்கன்னு பாக்கணும்னா லாக் புக்ல, அதான் இந்த ஊர் ஆர்சி புக்ல, இருக்குற 11 இலக்க நம்பர் வேணும், அது உங்ககிட்ட இருக்கும். வாங்குறதுக்கு முன்னாடியே இத பாத்திருக்கணும், பரவால்ல இப்ப பாருங்க. மைல் கணக்கு ஒரு வருஷம் கூடி அடுத்த வருஷம் குறைஞ்சிருந்தா மீட்டர திருப்பியிருக்கானோன்னு சந்தேகப்படணும். படிக்கும்போது நியர்சைடுன்னா நடைபாதை பக்கம், அதாவது இடது, ஆஃப்சைடுன்னா டிரைவர் உக்காருற வலது பக்கம். போன வருஷம் 'நியர்சைடு ஃப்ரண்ட் டயர் லிமிட்டுக்கு பக்கத்துல இருக்கு'ன்னு ஒரு அட்வைஸரி இருந்து, வாங்கும்போது விக்கிறவன் டயர் மாத்தினதா சொல்லலன்னா, இந்த வருஷம் அந்த டயர் ஃபெயில்தான், தனியா ஜோசியம் பாக்க வேண்டாம். ஒவ்வொரு வருஷமும் அதே பிரேக் பைப் துருவ எழுதிக்கிட்டே வந்தா அதுவும் வாசல்ல வந்து நிக்குதுன்னு அர்த்தம். அதையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டு செப்டம்பர் முதல் வாரமே ரெண்டு இடத்துல விலை கேட்டு, வேணுங்கறத மாத்திட்டு, செப்டம்பர் 21க்கு அப்புறம் வர்ற ஏதாவது ஒரு புதன்கிழமை காலைல கவுன்சில் சென்டர்ல புக் பண்ணுங்க தம்பி, சனிக்கிழமை கேட்டா கிடைக்காது, பல இடத்துல சனிக்கிழமை பூட்டுதான் தொங்கும்.